அவளே சொல்லட்டும்

எங்கள் பக்கத்துப் பெண்கள் அவரை ‘சொல்லட்டும் சிஸ்டர்’ என்று அழைத்தார்கள். முதுகுக்குப் பின்னால்தான். நேரில் வெறும் ‘சிஸ்டர்’. அந்தப் பட்டப்பெயரை வைத்தது தான்தான் என்று என் அத்தை இன்றைக்கும் சொல்லிக்கொள்வாள். இருக்கலாம். அந்த வார்த்தையை அவரிடம் அதிகமாக வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள்தான்.

கரையான்சாவடி மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் அந்த மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நீளமான ஓட்டுக் கட்டடம், வாசலில் இரண்டு பெஞ்சு, உள்ளே ரத்தம் பார்க்க ஒரு சின்ன அறை. சிஸ்டர் அங்கே நர்ஸ். கன்னியாஸ்திரீ இல்லை. வெள்ளைப் புடவை, கறுப்பு பெல்ட் வைத்த கைக்கடிகாரம், எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய கொண்டை. தெற்கத்திக்காரர். எங்கள் பேச்சு அவருக்குச் சிரிப்பாகவும், அவர் பேச்சு எங்களுக்குச் சிரிப்பாகவும் இருந்தது.

நான் முதன்முதலில் அவரைப் பார்த்தபோது ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பஸ் போர்டு படிப்பது, மருந்துச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்வது, மீட்டர் பார்க்க வருகிறவரிடம் பேசுவது எல்லாம் என் வேலை. மேசையும் நாற்காலியும் பேனாவும் இருக்கிற எந்த இடத்திலும் எங்கள் குடும்பத்துக்காகப் பேசும் உரிமை எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன். அத்தை அது தனக்கென்று நினைத்திருந்தாள். அப்பாவின் அக்கா அவள், அடுத்த வீடு. எங்கள் வீட்டில் யாருக்குத் தும்மல் வந்தாலும் அவள்தான் ஊருக்குச் சொல்வாள்.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று நாங்கள் இருவரும் கூட்டிக்கொண்டு போனோம். அம்மா குமணன்சாவடி கூட்ரோட்டில் கீரை விற்றுக்கொண்டிருந்தாள். வயிற்றில் என் இரண்டாவது தங்கை. சிஸ்டர் அம்மாவை ஸ்டூலில் உட்காரவைத்து, “என்ன செய்யுது?” என்று கேட்டார்.

“இன்னா செய்றாளா? ஒண்ணியும் செய்றதில்ல சிஸ்டர்” என்றாள் அத்தை. “காலைல கீர கூடைய தூக்கிகினு போறா. மத்தியானம் ஊட்டாண்ட வந்தா பொத்துனு படுத்துக்கிறா.”

“ஒடம்புக்கு என்ன செய்யுதுன்னு கேக்கேன்.”

“அதுவா? பித்தம் சிஸ்டர். தல சுத்துது. வேற ஒண்ணுங் கெடையாது.”

நான் சும்மா இருப்பேனா? அறிவியல் பாடத்தில் வந்த ஒரு சொல் கையில் இருந்தது. “எங்க அம்மாவுக்குப் பசியின்மை சிஸ்டர்” என்றேன்.

சிஸ்டர் வலது கையை உயர்த்தினார். உள்ளங்கை எங்களைப் பார்த்து இருந்தது. டிராபிக் போலீஸ்காரர் லாரியை நிறுத்துகிற மாதிரி. கண் மட்டும் அம்மாவை விட்டு நகரவில்லை.

“அவளே சொல்லட்டும்.”

மேலே ஃபேன் கடகடவென்று சுற்றியது. வாசல் பெஞ்சில் யாரோ ஒரு குழந்தை அழுதது. “இன்னாங்கடி, உள்ள போனவங்க தூங்கிட்டாங்களா?” என்று ஒரு குரல் வந்தது. சிஸ்டர் அசையவில்லை. அம்மா கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் கேள்வி கேட்டுவிட்டு யாரும் அவ்வளவு நேரம் காத்திருந்ததில்லை என்று இப்போது தோன்றுகிறது. கடைசியில் சொன்னாள்.

“நிக்க முடில சிஸ்டர். எழுந்தா கண்ண இருட்டிகினு வருது. ரோட்ட தாண்டச் சொல்லோ ரெண்டு வாட்டி உய்ந்துட்டேன். ஊட்ல சொன்னா யாவாரத்துக்குப் போவாதன்னுவாங்க. அதான் சொல்லல.”

அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா விழுந்தது எங்கள் யாருக்கும் தெரியாது.

அடுத்து நடந்ததைச் சொன்னால்தான் பின்னால் வரப்போவது புரியும். சிஸ்டர் சீட்டு எழுத ஆரம்பித்தார். பேர் கேட்டார். அம்மா “கஸ்தூரி” என்றாள். வீட்டுக்காரர் பேர் கேட்டார். எங்கள் அம்மா அப்பாவின் பேரைச் சொல்ல மாட்டாள். எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் சொல்ல மாட்டாள். சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பார்கள். யாராவது கேட்டால் ஜாடைதான்.

“திருப்பதில கீறாரே, அவரு” என்றாள் அம்மா.

“ஸ்ரீனிவாசனா?”

அம்மா தலையை ஆமாம் என்றும் இல்லை என்றும் இல்லாமல் ஆட்டினாள். சிஸ்டர் எழுதிவிட்டார். என் அப்பாவின் பேர் ஏழுமலை. எனக்குத் தெரியும், அத்தைக்கும் தெரியும். இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்ததும் அத்தை இடுப்பில் கை வைத்து, தெற்கத்திக் குரலில் இழுத்துச் சொன்னாள்: “அவ்வ்வளே சொல்லட்டும்! நல்லா சொன்னா, நல்லா எய்தினாங்க!”

பிறகு அதே ஜாடைக்கு, சர்க்கார் சுகாதார நிலையத்தில் கோவிந்தன் என்று எழுதினார்கள். குமணன்சாவடி லேடி டாக்டர் கிளினிக்கில் வெங்கடேசன். அப்பா சாப்பிட உட்காரும்போது, “இன்னிக்கு யாருக்குச் சோறு போடற? கோவிந்தனுக்கா, வெங்கடேசனுக்கா?” என்று கேட்பார். அம்மா கோபப்பட மாட்டாள். “எல்லாம் ஒரே சாமிதானே” என்று குழம்பை ஊற்றுவாள்.

சிஸ்டரிடம் ஒரு டிவிஎஸ் ஃபிப்டி இருந்தது. எங்கள் பக்கத்தில் அதை ஓட்டிய முதல் பெண் அவர் என்று நினைக்கிறேன். எங்கள் ஊரான திருவேற்காட்டுக்குள் அது வரும் சத்தம் கேட்டால் பெண்கள் இடுப்பில் செருகிய முந்தானையைச் சரிசெய்துகொண்டு வெளியே வருவார்கள். ஆண்கள் டீக்கடையில் கிண்டல் செய்வார்கள். “த்தோ, வருதுபா சொல்லட்டும் வண்டி. கேள்வி கேட்டாங்கன்னா பதில் சொல்ற வரைக்கும் ஸ்டேண்டு எடுக்க மாட்டாங்க.” அது உண்மைதான். வண்டியை நிறுத்தி ஒரு கேள்வி கேட்பார். காத்திருப்பார். பதில் வராவிட்டால் இன்னொரு கேள்வி கேட்டு உதவ மாட்டார். முதல் கேள்வியோடு நின்றுவிடுவார்.

பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது பெரிய இம்சை. அவர் வரிசை மட்டும் ஆமை மாதிரி நகரும். மாமியார்கள் திட்டுவார்கள். ஒருமுறை ஒரு புதுப் பெண் பதிலே சொல்லாமல் அழ ஆரம்பித்துவிட்டாள். சிஸ்டர் அதற்கும் காத்திருந்தார். அந்தப் பெண் அழுது முடித்து, மூக்கைத் துடைத்து, எழுந்து போய்விட்டாள். திரும்ப வரவேயில்லை. அவர் செய்தது சரியா என்று எனக்கு இன்னமும் தெரியாது.

எனக்குப் பிடித்த இன்னொரு காட்சி உண்டு. அது பெண்களின் பதிலுக்குக் காத்திருந்த கதை இல்லை. பெரியவர்களின் பதிலுக்குக் காத்திருந்த கதை.

அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் பெண்களுக்கு வைத்தியம் பார்க்க மூன்று இடங்கள். மூன்றும் ஒன்றோடொன்று பேசாது. சர்க்கார் நர்சம்மாவுக்கு மிஷன்காரர்கள் மேல் கோபம். “என் கேஸ எல்லாம் இட்டுகினு பூட்றாங்க” என்பார். அவருக்கு மேலே இருந்து நெருக்கடி. கருத்தடை ஆபரேஷனுக்கு இத்தனை பெண்களைக் கூட்டிவர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் அவருக்கு எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் கேஸ்தான். மிஷனில் அந்த ஆபரேஷன் செய்ய மாட்டார்கள். அதைப் பற்றிப் பேசக்கூட மாட்டார்கள். ஆனால் ரத்தம் பார்க்கும் வசதி அங்கேதான் இருந்தது. சர்க்கார் நிலையத்தில் ஆபரேஷன் அறை இருந்தது, பெண் டாக்டர் இல்லை. ஆண் டாக்டர் என்றதும் எங்கள் பெண்கள் பாதி வழியில் திரும்பிவிடுவார்கள். பெண் டாக்டர் குமணன்சாவடியில் தன் கிளினிக்கில் இருந்தார். அவருக்குக் கொடுக்க எங்கள் பெண்களிடம் எதுவும் இல்லை. ஆகமொத்தம், வேண்டியதெல்லாம் இருந்தது. ஒரே இடத்தில் இல்லை.

அம்மாவின் கீரைக் கூடை அந்த கிளினிக் வாசலுக்கு நேர் எதிரே. பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கே போய் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். ஒரு சாயங்காலம் டிவிஎஸ் ஃபிப்டி வந்து நின்றது. சிஸ்டர் உள்ளே போனார். கண்ணாடிக் கதவு வழியாக எல்லாம் தெரிந்தது. டாக்டரம்மாவிடம் ஏதோ கேட்டார். டாக்டரம்மா சிரித்தபடி ஏதோ சொன்னார். சிஸ்டர் வெளியே வந்து நோயாளிகள் பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்தே இருந்தார். ஒவ்வொரு நோயாளி போகும்போதும் டாக்டரம்மா எட்டிப் பார்ப்பார், சிஸ்டர் இருப்பார். கம்பவுண்டர் வந்து, “அதான் பாக்கலாம்னு சொல்லிட்டாங்களே சிஸ்டர், கெளம்புங்க” என்றார்.

“பாக்கலாம்னா பதில் இல்லையே தம்பி. ஆபரேஷன் செய்ய சர்க்கார் நிலையத்துக்கு வருவியளான்னு கேட்டேன். வருவேன், வரமாட்டேன். ரெண்டுல ஒண்ண டாக்டரே சொல்லட்டும்.”

அம்மா கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே சிரித்தாள். “டாக்டருக்கும் அதே வைத்தியந்தான்” என்றாள்.

பெஞ்சு காலியானபின் டாக்டரம்மா வெளியே வந்தார். கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சிஸ்டரைப் பார்த்தார். “புதன்கிழமை. காலைல மட்டும். மத்தியானத்துக்கு மேல ஒரு நிமிஷம் இருக்க மாட்டேன். போதுமா?” என்றார். சிஸ்டர் எழுந்து கும்பிட்டார்.

மிஷனிலும் அப்படித்தான் நடந்ததாக அங்கே வேலை செய்த ஆயா சொல்லிக் கேள்வி. “அந்த ஆபரேஷன் நம்ம வேலை இல்லை” என்று அங்கே பெரியவராக இருந்த மதர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். சிஸ்டர் அதை எதிர்த்து எதுவும் சொல்லவில்லை. “ரத்தம் பாக்கது நம்ம வேலையா மதர்?” என்று மட்டும் கேட்டாராம். கேட்டுவிட்டு மேசைக்கு முன்னால் நின்றாராம். மதர் ஜெபமாலையை உருட்டி முடித்து, “ரத்தம் மட்டும்” என்றாராம்.

சர்க்கார் நர்சம்மாவை வழிக்குக் கொண்டுவந்ததுதான் கஷ்டம். இருவரும் ஒரே பஸ் நிறுத்தத்தில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நிற்கிறவர்கள். சிஸ்டர் அவரிடம் போய், “உங்க கேஸ் உங்க கேஸாவே இருக்கட்டும். எனக்குக் கணக்கு வேண்டாம். கூட வரதுக்கு மட்டும் விடுங்க” என்றார். அதன்பிறகு நர்சம்மா டிவிஎஸ் ஃபிப்டியின் பின்சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்து போவதை ஊரே பார்த்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம், “மெதுவா, மெதுவா, என்ன கொன்னுடாதீங்க” என்று கத்திக்கொண்டே போவார்.

எங்கள் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். என் இரண்டாவது தங்கை பிறந்தபோது அம்மாவுக்கு ரத்தம் நிற்கவில்லை. பிரசவம் பார்த்த சர்க்கார் நிலையத்திலிருந்து அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு ஓடி, தான் லோடு ஏற்றும் மணல் லாரியின் முன்சீட்டில் போட்டு, லேடி டாக்டர் கிளினிக்குக்குக் கொண்டுபோனார். பிழைத்தாள். வீட்டுக்கு வந்தபோது அம்மாவின் உதடு அவள் கீரையோடு விற்கும் வாழைத்தண்டு மாதிரி வெளுத்திருந்தது.

மூன்றும் பெண். “அடுத்தது ஆம்பளதான், ஜோசியரே சொல்லிட்டாரு” என்று அத்தை தெரு முழுக்கச் சொன்னாள். அந்தப் பேச்சு வந்தால் அப்பாவின் முகம் மலர்வதை நான் பார்த்திருக்கிறேன்.

குழந்தைக்கு ஊசி போடப் போனபோது சிஸ்டர் அம்மாவிடம் கேட்டார். “இன்னும் பிள்ள வேணுமா, போதுமா? உனக்கு என்ன வேணும் கஸ்தூரி?”

அத்தை, “அய்ய, அது இன்னா கேள்வி...” என்று தொடங்கினாள். கை உயர்ந்தது. அத்தை நிறுத்தினாள். காத்திருந்தோம். அம்மாவின் முகத்தில் ஏதோ வந்து வந்து போயிற்று. பிறகு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, பதில் சொல்லாமல் வெளியே போய்விட்டாள். சிஸ்டரின் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. அவர் தோற்றுப்போனதை நான் பார்த்தது அன்றுதான். எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம்கூட இருந்தது. என்னைக் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனே என்று.

அந்தப் பேச்சு அதோடு போயிற்று என்று நினைத்தேன். மழைக்காலம் வந்து போனது. ஒரு நாள் கூட்ரோட்டில் டிவிஎஸ் ஃபிப்டி எங்கள் கூடைக்கு முன்னால் நின்றது. சிஸ்டர் முளைக்கீரை கேட்டார். அம்மா கட்டை எடுத்துத் தண்ணீரை உதறினாள். பையில் போட்டாள். பிறகு தலையைத் தூக்காமல் சொன்னாள்.

“போதும் சிஸ்டர்.”

இன்னொரு கட்டு வேண்டாம் என்கிறாளோ என்று நான் நினைத்தேன். சிஸ்டர் அப்படி நினைக்கவில்லை. வண்டியை அணைத்தார். “சரி” என்றார். அவ்வளவுதான். அம்மாவுக்குப் பதில் சொல்ல அத்தனை மாதம் தேவைப்பட்டிருக்கிறது. அவரும் அத்தனை மாதம் காத்திருந்திருக்கிறார்.

செய்தி வீட்டுக்கு வந்ததும் அப்பா கொதித்தார். அத்தை கூடவே வர, நேராக மிஷனுக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

“இன்னா சிஸ்டர், எங்க ஊட்டுல பூந்து எங்களுக்கே தெரியாம இன்னா பேசிகினு கீறீங்க?”

சிஸ்டர் ஸ்டூலைக் காட்டினார். அப்பா உட்காரவில்லை. சிஸ்டர் கேட்டார்: “கடைசிப் பிரசவத்துல அவள லாரியில தூக்கிட்டுப் போனியளாமே. அப்போ உங்களுக்கு எப்படி இருந்திச்சி?”

அப்பா இதை எதிர்பார்க்கவில்லை. அத்தை முந்திக்கொண்டாள். “எப்டி இருக்கும்? ஆம்பள சிஸ்டர் அவன். அதெல்லாம் தாங்குவான். எங்க வம்சம்...”

கை உயர்ந்தது. “அவரே சொல்லட்டும்.”

இந்தக் கை ஆண்களுக்கும் உயரும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. அப்பாவிடமும் அப்படி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மணல் லாரியில் ஏறி இறங்கும் ஆளிடம் எப்படி இருந்தது என்று யார் கேட்பார்கள்? அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். துண்டைக் கையில் சுற்றினார், பிரித்தார்.

“சீட்டெல்லாம் ரத்தம் சிஸ்டர்” என்றார். “தண்ணி ஊத்தி ஊத்திக் கய்வினேன். போவல. பயந்துட்டேன். பூட்டானு நெனச்சேன்.”

அத்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவ இஷ்டம்” என்று எழுந்தார் அப்பா. கதவருகே போய்த் திரும்பி, “இந்தப் புதன்கெயமயே வச்சிக்கங்க சிஸ்டர். தள்ளிப் போட்டீங்கன்னா நானே மனசு மாறிடுவேன். என் அக்கா சும்மா உடாது” என்றார்.

ஆகவே அந்தப் புதன்கிழமை எங்களுக்கு முக்கியம். அதை விட்டால் இன்னொன்று வராது என்று அம்மாவுக்குத் தெரியும்.

ஆபரேஷன் சர்க்கார் நிலையத்தில். மிஷனில் முந்தின நாளே ரத்தம் எடுத்திருந்தார்கள். உடம்பில் போதுமான ரத்தம் இருக்கிறது என்று அங்கிருந்து சீட்டு வந்தால்தான் டாக்டரம்மா கத்தியைத் தொடுவார். கடைசிப் பிரசவத்தின்போது அம்மாவைப் பிழைக்கவைத்தவர் அவர். அதில் சலுகையே கிடையாது. காலையிலேயே சீட்டுகளைக் கட்டாகக் கட்டி சிஸ்டர் கொண்டுவந்து நர்சம்மாவிடம் கொடுத்திருந்தார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். பெண்கள் உள்ளே போனார்கள். அப்பா வெளியே டீக்கடையில். அத்தை அப்பாவின் காதருகே. அம்மாவை மட்டும் கூப்பிடவில்லை.

வெயில் வாசற்படி ஏறிவிட்டது. அம்மா எழுந்து போய்க் கேட்டாள். நர்சம்மா கட்டைப் புரட்டினார். “கோவிந்தன் சம்சாரம்... கோவிந்தன்... உன் சீட்டு வரலியேம்மா.”

“நான் வச்சேனே” என்றார் சிஸ்டர்.

“நீங்களே பாருங்க. கணவர் பேர் கோவிந்தன்னு ஒண்ணுகூட இல்ல.”

உள்ளேயிருந்து டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். “இன்னும் யார்? நான் கிளம்பணும்.”

நர்சம்மாவுக்கு வியர்த்தது. “இந்தாம்மா, உன் வீட்டுக்காரர் பேரு கோவிந்தன்தானே?”

“இல்லீங்க” என்றாள் அம்மா. “திருப்பதில கீறாரே...”

“ஐயோ, அதத்தானேம்மா எழுதிருக்கேன்! பேரச் சொல்லு. வாயத் தொறந்து பேரச் சொல்லு!”

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மிஷன் சீட்டில் ஸ்ரீனிவாசன் என்று இருக்கும். இங்கே கோவிந்தன். இரண்டு பேரும் இல்லாத ஒருவர் வெளியே டீ குடித்துக்கொண்டிருக்கிறார். ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடலாம். நான் முன்னால் போய் வாயைத் திறந்தேன்.

உள்ளங்கை என் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

இப்போதுமா? டாக்டரம்மா கையுறையைக் கழற்ற ஆரம்பித்திருந்தார். சிஸ்டர் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் இன்றைக்கும் நினைவிருக்கிறது. இந்தப் பிடிவாதத்தில் ஆபரேஷன் தவறி, அடுத்த பிரசவத்தில் எங்கள் அம்மா செத்துப்போவாள் என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். மேலுதட்டில் வியர்வை. அவருக்கும் பயம்தான். ஆனாலும் கை இறங்கவில்லை.

அம்மா அப்பாவின் பேரைச் சொல்லப்போகிறாள் என்று எல்லோரும் நினைத்தோம். சிஸ்டரும் அதைத்தான் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன். அம்மா வாசலைப் பார்த்தாள். டீக்கடையைப் பார்த்தாள். பிறகு நர்சம்மாவின் கையிலிருந்த கட்டைப் பார்த்தாள்.

“அவரு பேர்ல இன்னாத்துக்குத் தேடறீங்க?” என்றாள். “உள்ள படுக்கப்போறது நான். ரத்தம் குட்த்தது நான். எம் பேரு கஸ்தூரி. கஸ்தூரின்னு தேடுங்க.”

நர்சம்மா அம்மாவைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார், முனகிக்கொண்டே மறுபடி முதலிலிருந்து புரட்டினார். இந்த முறை பெண்களின் பேரைப் படித்தார். “சரோஜா... மேரி... குப்பம்மா... கஸ்தூரி. கஸ்தூரி! கணவர் பேர் ஸ்ரீனிவாசன். இதென்ன கூத்து, யாரும்மா ஸ்ரீனிவாசன்?”

“எல்லாம் ஒரே சாமிதாங்க” என்றாள் அம்மா.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். கழற்றிய கையுறையை வீசிவிட்டு, “புதுசு எடுங்க” என்றார். சிஸ்டர் அப்போதுதான் கையை இறக்கினார். இறக்கி, அந்தக் கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டு அவரும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

அதற்கப்புறம் அந்த மூன்று இடங்களிலும் சீட்டில் பெண்ணின் பேரைத்தான் முதலில் பெரிதாக எழுதினார்கள். புருஷன் பேர் தெரிந்தால் எழுதுவார்கள். ஜாடை சொன்னால் விட்டுவிடுவார்கள். யாரும் உத்தரவு போடவில்லை. நர்சம்மா புது ஆட்களிடம், “பொம்பள பேரப் போட்டுத் தேடு, அப்பத்தான் கெடைக்கும்” என்று தானே கண்டுபிடித்த மாதிரி சொல்வார். கூட்ரோட்டில் அதுவரை ‘கீரைக்காரம்மா’ என்று கூப்பிட்ட பூக்காரியும் பழக்காரியும், கதையைக் கேட்டுவிட்டு, “இன்னா கஸ்தூரி, இன்னிக்கு அரக்கீர இல்லியா?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். அம்மா வெட்கப்படுவாள். ஆனால் திரும்பிப் பார்ப்பாள்.

நான் எட்டாவது படிக்கும்போது சிஸ்டர் மிஷனை விட்டுப் போய்விட்டார். எங்கே என்று நான் கேட்கவில்லை. பரீட்சை, ரேங்க், பிறகு பூந்தமல்லியில் பிளஸ் டூ, பிறகு தினமும் பஸ் ஏறிக் கல்லூரி. எங்கள் தெருவில் பட்டம் வாங்கிய முதல் பெண் நான். இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். என் தங்கைகள் இரண்டு பேரும் படிக்கிறார்கள். நாங்கள் மூன்று பேரும் போதும் என்று அம்மா அன்றைக்குச் சொன்னதை நினைத்துக்கொள்வேன்.

போன வாரம் ஒரு பேங்கில் கணக்குத் தொடங்கப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நிமிராமல், “அப்பா பேரா, வீட்டுக்காரர் பேரா?” என்று கேட்டார். “முதல்ல என் பேரு” என்றேன். சொன்னபிறகுதான் அது யாருடைய குரல் என்று தெரிந்தது. இரண்டு பேருடையது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன். “அம்மா, அந்த சிஸ்டர் பேரு என்னம்மா? சொல்லட்டும் சிஸ்டர்.”

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இப்போது விற்பதற்கில்லை, வீட்டுக்கு. “ஏன் கேக்கற?”

“அவங்க நம்ம எல்லார் பேரையும் கேட்டாங்க. அவங்க பேர நாம யாருமே கேக்கலையேன்னு நெனச்சேன்.”

“நீ கேக்கல” என்றாள் அம்மா. “நான் கேட்டேன். ஆபரேஷன் முடிஞ்சி கண்ணு முழிச்சப்போ பக்கத்துல ஒக்காந்துகினு இருந்தாங்க. இன்னா வேணும் கஸ்தூரின்னு கேட்டாங்க. உங்க பேரு இன்னா சிஸ்டர்னு கேட்டேன். எவ்ளோ நேரம் சிரிச்சாங்க தெரியுமா? அப்பால சொன்னாங்க.”

எனக்குப் பொறாமையாக இருந்தது. “இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே! என்னம்மா பேரு?”

“ஆவடில அவங்க தங்கச்சி ஊட்ல கீறாங்க. டிவிஎஸ் ஃபிப்டிய வித்துட்டாங்களாம். கண்ணுகூட செரியாத் தெரிலன்னு நர்சம்மா சொல்லிச்சி. ஒரே பஸ்ஸுதான். போயிப் பாத்துட்டு வா.”

“போறேன். பேரச் சொல்லும்மா முதல்ல.”

அம்மா முறத்தைத் தள்ளி வைத்தாள். கீரைப் பச்சை படிந்த வலது கையை உயர்த்தினாள். உள்ளங்கை என்னைப் பார்த்து நின்றது.

“அவங்களே சொல்லட்டும்.”